பெட்டிக்குத் தண்ணீர் வேண்டாம்

சுருட்டுப் பிரியர்களுக்காக வெளிநாடுகளில் எழுதப்படும் வழிகாட்டிகள் எல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடும்: சுருட்டு காய்ந்துவிடும், காயவிடாதே. பெட்டியின் மூடியில் இருக்கும் பஞ்சுக்குக் காய்ச்சி வடித்த நீரை ஊற்று, பஞ்சு காய்ந்தால் மறுபடி ஊற்று. ரொறன்ரோவில் பனிக்காலம் முழுக்க ஹீற்றர் ஓடும் வீட்டில் இருப்பவருக்கு அது நல்ல புத்திமதி. வெள்ளவத்தையில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருக்கும் என்னைப் போன்றவருக்கு அதைவிடக் கெட்ட புத்திமதி கிடையாது. கொழும்பில் சுருட்டைக் கெடுப்பது ஈரமும் வெக்கையும்தான்.

கனடாவிலிருந்து லீவில் வந்த மருமகன், வார்னிஷ் மினுங்கும் மரப்பெட்டி ஒன்றை ஆசையாகக் கொண்டுவந்து தந்தார். ஹியூமிடோர் என்று பெயர். ஐப்பசி மழைக்கு மரம் ஊதி மூடி இறுகிக்கொண்டது. தை மாதத்தில் அதே மூடி கடகடவென்று ஆடியது. இப்போது அதற்குள் தண்ணீர் பில்லும் கரண்ட் பில்லும் கிடக்கின்றன. மருமகனுக்கு யாரும் சொல்ல வேண்டாம்.

கணக்கைப் பார்த்தால் விஷயம் விளங்கும். ஹவானாச் சுருட்டுக்கு உகந்தது 65 முதல் 70 வீத ஈரப்பதனும் 18 முதல் 21 பாகை வெப்பமும் என்பார்கள். கொழும்பில் வருடச் சராசரி வெப்பம் 27 பாகைக்கு மேல். காற்றின் ஈரப்பதன் பெரும்பாலான நாட்களில் 70க்கும் 80க்கும் இடையில் நிற்கும், மழை நாளில் அதையும் தாண்டும். காற்றே தேவைக்கு மேல் ஈரத்தோடு வரும்போது பெட்டிக்குள் இன்னும் தண்ணீர் எதற்கு?

இதை எனக்கு முதலில் விளக்கியவர் பெரியப்பா. புங்குடுதீவுக்காரர். தெற்கே ஒரு சிறுபட்டணத்தில் சுருட்டுக்கடை வைத்திருந்தார். யாழ்ப்பாணச் சுருட்டு, வெற்றிலை, பாக்கு, நெருப்புப்பெட்டி, கொஞ்சம் பலசரக்கு. சிங்களக் கிராமங்களில் தமிழ் முதலாளி என்றாலே சுருட்டுக்கடை முதலாளி என்றிருந்த காலம் அது. 1958, 1977, 1983 என்று ஒவ்வொரு கலவரத்திலும் அப்படிப்பட்ட கடைகள் எரிந்தன. பெரியப்பாவின் கடை கடைசியில் போனது. அதற்குப் பிறகு கொட்டாஞ்சேனையில் ஒரு மேல்மாடி அறையில் இருந்துகொண்டு, தெரிந்தவர்களுக்கு மட்டும் ஊரிலிருந்து சுருட்டு எடுப்பித்துக் கொடுத்தார். ஈரப்பதன் அளக்கும் கருவி எதையும் அவர் கண்டதில்லை.

"தம்பி, சுருட்டைக் காதுக்குக் கிட்ட வைச்சு மெதுவா அமத்திப் பார். சரசரவெண்டால் காய்ஞ்சு போச்சு. சத்தமே இல்லாமல் பள்ளம் விழுந்து அப்பிடியே நிண்டால் நனைஞ்சு போச்சு. அமத்தின இடம் ஆறுதலாத் திரும்பி எழும்ப வேணும். அதுதான் பதம்."

இன்றைக்கும் டிஜிட்டல் மானி ஒன்று மேசையில் கிடக்க, நான் விரலைத்தான் முதலில் நம்புகிறேன்.

பெரியப்பா இன்னொன்றும் சொல்லுவார்: யாழ்ப்பாணச் சுருட்டை வருடக்கணக்கில் வைத்துப் பக்குவப்படுத்த நினைக்காதே. செம்மண்ணில் கிணற்றிறைப்பில் வளர்ந்த புகையிலையைத் தென்னமட்டை, பொச்சு, பனைச்சாமான்களின் புகையில் பதப்படுத்தி, கோடா போட்டுச் சுற்றுவது அது. காரமும் இனிப்பும் புகை வாசமும் தொடக்கத்திலேயே முழுதாக இருக்கும். வைத்திருந்தால் வாசம் ஏறாது, இறங்கும். ஹவானா அப்படியில்லை. நல்ல ஹவானா நான்கைந்து வருடம் சும்மா கிடந்தால் முரட்டுத்தனம் அடங்கி வேறொரு ஆளாக வரும். ஆகவே இரண்டுக்கும் இரண்டு விதமான பராமரிப்பு. முன்னதை வாங்கிய சூட்டோடு முடிக்க வேண்டும், பின்னதை மறந்துவிட வேண்டும்.

கொக்குவில், கோண்டாவில், இணுவில் பக்கத்துச் சுருட்டுக் கொட்டில்களைப் பற்றிப் பெரியப்பா சொல்லத் தொடங்கினால் நிறுத்தமாட்டார். சுற்றுகிறவனுக்குக் கைக்குத்தான் வேலை, காது சும்மா இருக்கும். அதனால் கொட்டிலில் ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிப்பார்; பத்திரிகை முடிந்தால் தொடர்கதை. எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளிகூட உலக அரசியல் பேசியது இப்படித்தான். சுருட்டுக் கொட்டிலில் வளர்ந்த இடதுசாரிகள் யாழ்ப்பாணத்தில் கொஞ்சப் பேரல்ல. கியூபாவிலும் இதே வழக்கம் இருப்பதைப் பின்னாளில் வாசித்தபோது எனக்குச் சிலிர்த்தது. 1865இல் ஹவானாவின் எல் ஃபிகாரோ தொழிற்சாலையில் தொடங்கியது அது. காலையில் செய்தி, பிறகு நாவல். 1935இல் வந்த மொன்டெகிறிஸ்டோ சுருட்டுக்கு அலெக்சாந்தர் டூமாவின் கதாநாயகன் பெயர் வாய்த்ததும் அந்த வாசிப்பின் சொத்து என்பார்கள். கொக்குவிலும் ஹவானாவும் ஒன்றையொன்று கேள்விப்படாமலே ஒரே வேலையைச் செய்திருக்கின்றன. எங்கள் பக்கத்தில் எந்தச் சுருட்டுக்காவது கல்கியின் கதாநாயகன் பெயரை வைத்திருக்கலாம். வைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

சரி, பெட்டிக்கு வருவோம். மரப்பெட்டியை விடுங்கள். புறக்கோட்டை கெய்சர் வீதியில் சாப்பாடு வைக்கிற பிளாஸ்டிக் டப்பா விற்பார்கள். மூடியைச் சுற்றி றப்பர் வளையமும் நான்கு பக்கமும் கிளிப்பும் உள்ளதாகப் பார்த்து எடுங்கள். கழுவி, மூடியைத் திறந்தபடி சில நாள் காற்றாட வைத்து, பிளாஸ்டிக் மணம் முற்றாகப் போனபின் பாவியுங்கள். அடியில் பழைய சுருட்டுப் பெட்டியிலிருந்து எடுத்த சீடர் பலகைத் துண்டு ஒன்று. அதோடு ஈரத்தை வாங்கவும் விடவும் வல்ல பொட்டலம் ஒன்று. பொவேடா என்று வெளிநாட்டில் விற்கும், வருகிற சொந்தக்காரரிடம் சொல்லிவிடலாம். 69 என்று அச்சடித்ததை நம் வெக்கைக்கு நான் வாங்குவதில்லை. 65, முடிந்தால் 62. வெளியூர்க்காரர் பொட்டலம் காய்ந்து இறுகிவிட்டது என்று முறையிடுவார்கள். இங்கே அது ஈரத்தைக் குடித்து உப்பிப் பொம்மென்று நிற்கும். அப்படி உப்பினால் டப்பாவின் மூடி சரியாகப் பொருந்தவில்லை என்று அர்த்தம். சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் சிலிக்கா பைக்கற்றைப் போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், அது நிறுத்தத் தெரியாமல் உறிஞ்சும். மேலிலை வெடித்துவிடும்.

மானி வாங்கினால் அதை நம்புவதற்கு முன் உப்புச் சோதனை செய்யுங்கள். சோடாப் போத்தல் மூடி ஒன்றில் கறியுப்பை நிரப்பி, சேறுபோல் ஆகுமளவுக்குச் சில துளி தண்ணீர் விட வேண்டும். உப்புக் கரைந்து ஓடக்கூடாது. அதையும் மானியையும் காற்றுப் புகாத பைக்குள் போட்டு ஓர் இரவு விட்டால், உள்ளே ஈரப்பதன் 75 வீதத்தில் வந்து நிற்கும். அது உப்பின் குணம், ஊரும் நாடும் பார்க்காது. மானி 80 காட்டினால் அது எப்போதும் 5 கூட்டிச் சொல்கிறது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

டப்பாவை எங்கே வைப்பது? அடுக்குமாடி வீட்டில் கடலைப் பார்த்த மேற்குச் சுவர் பின்னேரத்தில் தகிக்கும். குளிர்சாதனப்பெட்டியின் தலையில் எப்போதும் சூடு. அலுமாரியின் அடித்தட்டு, உட்சுவர்ப் பக்கம், அதுதான் வீட்டிலேயே குளிர்ந்த இடம். ஆனால் அந்த அலுமாரியில் சேலைக்குப் பூச்சி உருண்டை போட்டிருந்தால் வேறு இடம் பாருங்கள். சுருட்டு எந்த வாசத்தையும் வாங்கிக்கொள்ளும். நப்தலீன், சாம்பிராணி, கருவாடு, எல்லாம். இதனால்தான் யாழ்ப்பாணச் சுருட்டையும் ஹவானாவையும் ஒரே டப்பாவில் வைக்கக்கூடாது. பொச்சுப் புகையின் வாசம் கொஞ்ச நாளிலேயே பக்கத்தில் கிடப்பவற்றுக்குத் தொற்றிவிடும். யாழ்ப்பாணக் கட்டுக்கு ஹோர்லிக்ஸ் போத்தல் போதும்.

ஏசி அறையில் வைத்தால் நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. இரவு முழுக்க ஏசி ஓடும்போது காற்று காய்கிறது, காலையில் நிறுத்தியதும் ஈரம் திரும்ப ஏறுகிறது. சுருட்டைத் திறந்து வைத்தால் இந்த ஏற்ற இறக்கமே மேலிலையைப் பிளக்கப் போதும். மூடிய டப்பாவுக்குள் என்றால் பரவாயில்லை.

இனி வண்டு. புகையிலை வண்டு இரண்டு மூன்று மில்லிமீற்றர் நீளம், செம்மண் நிறம். முட்டை இலையோடு வரும், கண்ணுக்குத் தெரியாது. 24, 25 பாகைக்குக் கீழே பெரும்பாலும் சும்மா கிடக்கும். அதற்கு மேலே பொரித்துப் புழுவாகித் தின்னத் தொடங்கும். கொழும்பு அதற்கு வருடம் முழுவதும் சொர்க்கம். சுருட்டில் குண்டூசி குத்தியதுபோல் வட்டத் துளையும், டப்பாவின் அடியில் மெல்லிய தூளும் கண்டால் வந்துவிட்டது என்று கொள்ளுங்கள். எங்கிருந்து வந்த பெட்டியானாலும் முதலில் உறைபெட்டிக்குள்தான். இரண்டு பைக்குள், காற்றை அமுக்கி எடுத்துவிட்டு, இறுக மூடி வைக்க வேண்டும். சைபருக்குக் கீழே 18 பாகையில் மூன்று நாள் போதும் என்பது கணக்கு. வீட்டு உறைபெட்டியை அடிக்கடி ஆராவது மீனுக்கும் ஐஸ்கிறீமுக்கும் திறப்பதால் நான் ஒரு வாரம் விடுவேன். பிறகு கீழ்த்தட்டில் ஒரு நாள், அதன்பின் வெளியே ஒரு நாள், பையைத் திறக்காமல். அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்ந்த இலையில் வெளிக்காற்று தண்ணீராய்ப் படியும், மேலிலை வெடிக்கும்.

2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போது வைன் குளிரூட்டிக்குள் சுருட்டு வைத்திருந்த நண்பர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. குளிரூட்டி நின்றதும் அது வெறும் மூடிய பெட்டி. உள்ளே குளிர்ந்து படிந்திருந்த ஈரமெல்லாம் வெக்கையில் எழும்பி இலையில் ஏறியது. அலுமாரி அடித்தட்டு டப்பாக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதிலிருந்து நான் யாருக்கும் குளிரூட்டியைச் சிபாரிசு செய்வதில்லை.

பூஞ்சணம் பிடித்தால், உடலில் மட்டும் வெள்ளையாய் லேசாகப் படர்ந்திருந்தால் உலர்ந்த துணியால் துடைத்துத் தனியே வைத்துப் பார்க்கலாம். வாயிலோ நுனியிலோ கண்டால், அல்லது பச்சை நீலமாக இருந்தால், குப்பைக்கு.

புகைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல என்னிடமில்லை. வெறும் வயிற்றில் வேண்டாம். யாழ்ப்பாணச் சுருட்டு என்றால் கட்டாயம் வேண்டாம். தலை சுற்றி வேர்த்தால் கீழே வைத்துவிட்டு, பனங்கட்டியோடு இஞ்சிப் பிளேன்ரீ. பற்றவைக்கும்போது நெருப்பை நுனிக்கு நேரே பிடித்து இழுக்காமல், சற்றுத் தள்ளிப் பிடித்துச் சுழற்றி விளிம்பு முழுக்கக் கனல விடுங்கள். நிமிடத்துக்கு ஓர் இழுப்பு, அதற்கு மேல் என்றால் சூடேறிக் கசக்கும். மரைன் டிறைவில் கடலைப் பார்த்துக்கொண்டு சுருட்டுப் புகைப்பது படத்துக்கு அழகு. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை அங்கே அடிக்கும் காற்றில் சுருட்டு ஒரு பக்கமாக எரிந்து முடிந்துவிடும். சாம்பலைத் தட்டிக்கொண்டே இருக்கவும் தேவையில்லை. 1887இல் வந்த முதல் ஷெர்லொக் ஹோம்ஸ் கதையில் துப்பறிவாளர் சாம்பலைப் பார்த்தே அது திருச்சிச் சுருட்டு என்று சொல்லிவிடுவார். நல்ல இலை என்றால் சாம்பலும் கொஞ்சம் நின்று பேசும்.

சுருட்டுப் புகையை உள்ளே இழுப்பதில்லை, ஆகவே கெடுதலில்லை என்று சொல்பவர்களோடு நான் சண்டை பிடிப்பதுண்டு. புகை நிற்பது வாயில். இலங்கை ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோயும் வாய்ப் புற்றுநோய்தான். பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பெட்டி சிகரெட்டின் அளவு புகையிலை இருக்கலாம். இது அன்றாடப் பழக்கமானால் பொழுதுபோக்கு என்ற பெயர் அதற்குப் பொருந்தாது. நான் கலியாணம், பெருநாள், பழைய சிநேகிதர் வருகை என்று காரணம் வந்தால்தான் டப்பாவைத் திறக்கிறேன். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி மூடிய பொது இடங்களில் புகைக்க முடியாது, 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கவும் முடியாது. வீட்டு பல்கனி சட்டத்துக்குள் வராமல் இருக்கலாம். மேல்வீட்டுப் பிள்ளையின் ஜன்னல் என் பல்கனிக்கு நேரே இருப்பதால் நான் மொட்டைமாடிக்குப் போய்விடுகிறேன்.

வாங்குவதில் இரண்டு விஷயம். கண்ணாடி மூடி போட்ட கோஹிபாப் பெட்டியை யாராவது மலிவு விலைக்கு நீட்டினால் நன்றி சொல்லிவிட்டு நடவுங்கள். கியூபாக்காரர் அப்படியொரு பெட்டி செய்வதே இல்லை. யாழ்ப்பாணச் சுருட்டைக் கொட்டாஞ்சேனையில் வாங்கும்போது, கடைக்காரரிடம் எப்போது ஊரிலிருந்து வந்தது என்று முதலில் கேளுங்கள். விலை அதற்குப் பிறகு. அவர் யோசிக்காமல் கிழமையைச் சொன்னால் ஒரு கட்டு எடுக்கலாம். "எப்பவும் புதுசுதான் ஐயா" என்றால், கட்டை ஒருமுறை காதுக்குக் கிட்ட வைத்து அமத்திப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.