முதலில் அந்த உத்தரவைக் கேள்



குற்றவியல் வழக்குகளைத் தனியாக நடத்தத் தொடங்கிவிட்டாய். ஒட்டுக்கேட்ட தொலைபேசிப் பேச்சின் எழுத்துப்படி ஏதாவதொரு வழக்குக் கட்டில் சீக்கிரமே உன் கைக்கு வரும். கட்சிக்காரர் என்னதான் பேசினார் என்று பார்க்கத் தோன்றும். அதைத் தள்ளி வைத்துவிட்டு, ஒட்டுக்கேட்க அனுமதித்த உத்தரவு எங்கே என்று கேள்.

அரசு ஒட்டுக்கேட்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். 2008-இல் மும்பையில் தாக்குதல் நடந்துகொண்டிருந்தபோதே, எல்லைக்கு அப்பாலிருந்து கொலையாளிகளை ஏவியவர்களின் குரல் பதிவானது. அந்தத் தாக்குதலில் பிடிபட்ட கசாப்பின் வழக்கில் அந்தப் பேச்சு முக்கியச் சான்றானது. அது பொது நெருக்கடி. அதில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது.

தந்திச் சட்டத்தின் 5(2) பிரிவு கேட்பதும் அதைத்தான். பொது நெருக்கடி இருக்க வேண்டும், அல்லது பொதுப் பாதுகாப்புக்குத் தேவைப்பட வேண்டும். அதற்குமேல் நாட்டின் இறையாண்மை, பொது ஒழுங்கு போன்ற காரணங்களில் ஒன்றை எழுத்தில் பதிய வேண்டும். 1996-இல் பியுசிஎல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு நடைமுறை வகுத்தது. பிறகு வந்து 2024 வரை இருந்த 419-ஏ விதிப்படி, உத்தரவின் நகல் 7 வேலை நாட்களுக்குள் மறுஆய்வுக் குழுவுக்குப் போக வேண்டியிருந்தது. எவ்வளவு நீட்டித்தாலும் 180 நாட்களைத் தாண்டக் கூடாது என்றும் அது சொன்னது. 2023 தொலைத்தொடர்புச் சட்டம் வந்த பிறகும், பொது நெருக்கடி அல்லது பொதுப் பாதுகாப்பு என்ற அந்த முதல் நிபந்தனை அப்படியே நிற்கிறது.

சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2025 ஜூலை 2 அன்று அளித்த தீர்ப்பை வரிவரியாகப் படி. சிபிஐ தொடர்ந்த லஞ்ச வழக்கு அது. 2011-இல் மத்திய உள்துறை பிறப்பித்த ஒட்டுக்கேட்பு உத்தரவை அவர் ரத்து செய்தார். குற்றத்தைக் கண்டுபிடிக்க ரகசியமாகக் கேட்பதைப் பொது நெருக்கடி என்றோ பொதுப் பாதுகாப்பு என்றோ சொல்ல முடியாது என்றார். பதிவுகள் உரிய காலத்தில் மறுஆய்வுக் குழு முன் வைக்கப்படவும் இல்லை. அதனால் அவற்றை எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்றார். சிபிஐ தனியாகத் திரட்டிய மற்ற சான்றுகளில் கை வைக்கவில்லை. அதற்குச் சில நாட்கள் முன்புதான், பெரிய ஊழல் பொதுப் பாதுகாப்பையும் பாதிக்கும் என்ற பார்வையில் டெல்லி உயர் நீதிமன்றம் வேறு வழியில் போயிருந்தது. எதிர்த்தரப்பு அதைக் காட்டி வாதிடும்; அதையும் படித்துவிட்டுப் போ. எனக்குச் சென்னைத் தீர்ப்பே சரியென்று படுகிறது. ஒவ்வொரு குற்றத்தையும் பொதுப் பாதுகாப்பு என்று நீட்டினால், சட்டம் போட்ட வரம்புக்கு வேலையே இருக்காது.

ஒட்டுக்கேட்பு தொடுவது அந்தரங்க உரிமையை; அதனால் கரக் சிங் வழக்கையும் விட்டுவிடாதே. கொள்ளை வழக்கில் ஆதாரமில்லை என்று விடுவிக்கப்பட்டவர் அவர். அப்படியும் உத்தரப் பிரதேசப் போலீஸ் அவர் பெயரில் சரித்திரப் பதிவேடு திறந்து, இரவில் கதவைத் தட்டி எழுப்பியது. 1962-இல் உச்ச நீதிமன்றம் அந்த இரவுச் சோதனையை மட்டும் நிறுத்தியது. அந்தரங்கம் அடிப்படை உரிமையல்ல என்றது. நீதிபதி சுப்பா ராவ் அதை ஏற்காமல் தனியாக எழுதினார். அவர் பக்கமே நியாயம் என்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொல்ல 2017 வரை, புட்டசாமி வழக்கு வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். ஒட்டுக்கேட்க உத்தரவிடுபவர் உள்துறைச் செயலர். அதைச் சரிபார்க்கும் குழுவிலும் அரசுச் செயலர்களே இருக்கிறார்கள். நீதிபதி ஒருவர்கூட இல்லை. இந்த ஏற்பாடு போதாது என்பது என் உறுதியான கருத்து. அது மாறும்வரை அந்த உத்தரவைத் திறந்த நீதிமன்றத்தில் கேள்வி கேட்க வழக்கறிஞரை விட்டால் ஆளில்லை. வழக்குக் கட்டில் அந்த உத்தரவு இல்லையென்றால், அடுத்த வாய்தாவுக்குக் காத்திருக்காமல் நகல் கேட்டு மனுப் போடு.