டிஜியாத்திரா: கிளம்பும் முன் முடிக்க வேண்டிய வேலைகள்

உள்நாட்டு விமானப் பயணிகள் முகத்தைக் காட்டியே உள்ளே நுழையும் டிஜியாத்திரா வசதி, 2022 டிசம்பர் 1 அன்று டெல்லி, பெங்களூரு, வாரணாசி விமான நிலையங்களில் தொடங்கியது. இப்போது சென்னை, கோவையிலும் இருக்கிறது. கதவு திறக்காவிட்டால் நாம் கேமராவைத்தான் குறை சொல்கிறோம். முதலில் பார்க்க வேண்டியது பெயரை.

டிக்கெட் எடுக்கும்போதே ஆதார் அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பெயர்களுக்கு இந்த இடம்தான் கண்டம். ஆதாரில் 'எஸ். முருகன்' என்றிருக்கும். டிக்கெட் தளமோ குடும்பப் பெயர் கேட்கும். அப்பா பெயரை விரித்து 'முருகன் சுப்பிரமணியன்' என்று போட்டுவிடுவோம். இரண்டும் ஒரே ஆள் என்று நமக்குத் தெரியும், டிஜியாத்திரா செயலிக்குத் தெரியாது. போர்டிங் பாஸை ஏற்காமல் போகலாம். எழுத்துக்கூட்டல், இனிஷியல் எல்லாம் முடிந்தவரை ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். தவறிவிட்டால், செக்-இன் செய்வதற்கு முன்பே விமான நிறுவனத்திடம் திருத்தக் கேளுங்கள். இனிஷியல் வைத்துக்கொள்ளும் வழக்கத்தைப் புரிந்துகொள்ளாத எந்த ஏற்பாடும் நமக்கு அரைகுறைதான். அதைச் சரிசெய்ய வேண்டியவர்கள் அதை அமைத்தவர்களே.

அடுத்து, செயலியை இறக்கி, டிஜிலாக்கர் வழியாக ஆதாரை இணையுங்கள். ஓடிபி ஆதாரில் பதிந்த எண்ணுக்குத்தான் வரும். பெரியவர்கள் பலருக்கு அது வெளியூரில் இருக்கும் மகனின் எண்ணாக இருக்கும். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். செல்ஃபி எடுக்கும்போது வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், முதுகுப்பக்கம் வேண்டாம்.

வெப் செக்-இன் முடிந்ததும் போர்டிங் பாஸைச் செயலியில் ஏற்றி, புறப்படும் விமான நிலையத்துடன் பகிருங்கள். ஏற்றிவிட்டால் போதும் என்று பகிராமல் விட்டுவிடாதீர்கள்.

வாசலில் பார்கோடைக் காட்டி, தொப்பியையும் முகக்கவசத்தையும் எடுத்துவிட்டுக் கேமராவைப் பாருங்கள். பாதுகாப்புச் சோதனைக்கு முன் மறுபடியும் ஒரு கதவு வரும். அதைத் தாண்டிய பின் பையையும் உடலையும் சோதிப்பது வழக்கம்போல நடக்கும்.

டிஜியாத்திரா கட்டாயமல்ல. விவரங்கள் உங்கள் கைபேசியிலேயே இருக்கும், விமான நிலையத்துக்குப் பகிர்ந்தவை விமானம் புறப்பட்ட 24 மணி நேரத்தில் அழிக்கப்படும் என்பது நடத்துகிறவர்கள் தரும் உறுதி. வாசலில் ஊழியர் யாராவது உங்கள் முகத்தைப் படமெடுக்க வந்தால், எதற்கு என்று கேளுங்கள். விருப்பமில்லையென்றால் மறுத்துவிடலாம்.

அசல் அடையாள அட்டை சட்டைப்பையிலேயே இருக்கட்டும். இரண்டு முறை முயன்றும் கதவு திறக்கவில்லையா? அங்கேயே நிற்காமல் வழக்கமான வரிசைக்குப் போய்விடுங்கள்.