மஞ்சப்பை அச்சடிக்கும் ஸ்கிரீன்: கழுவிப் பேணும் முறை



2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழக அரசு தடை விதித்தது. 2021 டிசம்பர் 23-ல் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கப்பட்டது. அதன்பின் நம்மில் பலர் கடைப் பெயரைத் துணிப்பையில் அச்சிட்டுத் தருகிறோம். சிலர் ஸ்கிரீன் வாங்கி, கடை ஆட்களைக் கொண்டு தாங்களே அடித்துக்கொள்கிறார்கள். சுண்ணாம்புக்குளத்தில் நாங்களும் அப்படித்தான் செய்து வருகிறோம்.

ஆரம்பத்தில் நாங்கள் பட்ட நஷ்டத்தைச் சொல்லிவிடுகிறோம். ஒரு தீபாவளி நெருக்கடியில் அடித்து முடித்த ஸ்கிரீனைக் கழுவாமல் குடோனில் சாய்த்து வைத்துவிட்டோம். பொங்கலுக்கு எடுத்தபோது கண்கள் அடைத்துக் கிடந்தன. பாதி எழுத்து விழவில்லை. 200 பைகள் வீண். கம்பி பிரஷ்ஷால் தேய்த்ததில் துணியும் கிழிந்தது. ஸ்கிரீனில் பெரிய செலவு சட்டமும் அதில் இழுத்துக் கட்டிய பாலியெஸ்டர் துணியும்தான். மேலே பூசும் எமல்ஷன் சிறிய செலவு. ஆகவே துணியைக் காப்பாற்றினால் முதல் காப்பாற்றப்படும்.

கழுவும் முறை

1. அச்சு முடிந்தவுடன் மிச்ச மையை வழித்து டப்பாவில் சேர்க்கவும். அது அடுத்த முறைக்கு உதவும். பிறகு பழைய செய்தித்தாளால் இருபுறமும் துடைக்கவும்.

2. தண்ணீரில் கரையும் மை என்றால் காயும் முன்பே ஈர ஸ்பாஞ்சால் கழுவவும். காய்ந்தபின் அது துணியோடு ஒட்டிவிடும். எண்ணெய் மை என்றால் மண்ணெண்ணெயோ டர்பன்டைனோ நனைத்த துணியால் துடைக்கவும். அருகில் அடுப்பு, பீடி கூடாது. கதவு ஜன்னல் திறந்திருக்கட்டும்.

3. அடுத்த முறையும் அதே பெயர், அதே படம்தான் என்றால் இத்துடன் நிறுத்திவிடலாம். ஸ்கிரீனை நிமிர்த்தி, வெயில் படாத இடத்தில், எலி அண்டாமல் வைக்கவும். மேலே சுமை ஏற்ற வேண்டாம்.

4. படத்தை மாற்ற வேண்டுமானால் முதலில் சோப்புத் தண்ணீரால் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கவும். பிசுக்கு இருந்தால் மருந்து எமல்ஷனில் இறங்காது. அதன்பின் எமல்ஷன் நீக்கும் மருந்தை (சோடியம் பெர்அயோடேட் கலந்தது) இருபுறமும் தடவி, பாக்கெட்டில் சொன்ன நேரம் மட்டும் விட்டு, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சவும். மருந்து ஸ்கிரீனிலேயே காய்ந்துவிட்டால் எமல்ஷன் நிரந்தரமாக இறுகிவிடும். இதை மறக்கக் கூடாது.

5. வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவும். லேசான நிழல் கறை இருந்து கண்கள் திறந்திருந்தால் அச்சு கெடாது. அதைப் போக்கக் காஸ்டிக் போட்டு ஊற வைத்தால் பாலியெஸ்டர் நைந்துபோகும்.

மருந்துக்குப் பதில் பிளீச்சிங் பவுடர் போடுவோரும் உண்டு. நைலான் துணியை அது அரிக்கும். அதோடு கழிவறை ஆசிட்டைச் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பி உயிருக்கே ஆபத்து. எந்த மருந்தானாலும் ரப்பர் கையுறை அவசியம். ஆரஞ்சு நிற பைக்ரோமேட் கலந்து பயன்படுத்தும் மலிவான எமல்ஷனைத் தவிர்ப்பது நல்லது. அதிலுள்ள குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும்.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது?

ஆரம்பத்தில் குடோன் பின்புறம் கழுவினோம். அந்தத் தண்ணீர் வாய்க்கால் வழியாக ஏரிக்குத்தான் போனது. நம் கடையில் கணக்கு வைத்திருக்கும் மீனவர் ஒருவர் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, “முதலாளி, பையில பேரு நல்லாத்தான் விழுந்திருக்கு. ஆனா இந்தத் தண்ணி எங்க வலைக்கில்ல வருது” என்றார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

பழவேற்காடு ஏரி இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. முகத்துவாரம் மணல் மூடும்போது கடல்நீர் வந்து போவது குறைகிறது. ஏரியில் விழுந்த அழுக்கு எளிதில் வெளியேறாது. இறாலும் நண்டும் மடவையும் குறைந்தால் மீனவர் கையில் காசு குறையும். மீனவர் கையில் காசில்லை என்றால் நம் கல்லாவிலும் இல்லை. பாக்கி மட்டும் ஏறும்.

இப்போது நாங்கள் செய்வது: மையை முதலில் காகிதத்தால் துடைத்துவிடுவதால் தண்ணீரில் சேர்வது மிகவும் குறைகிறது. கழுவும் தண்ணீரைப் பழைய டிரம்மில் பிடித்துத் தெளிய விடுகிறோம். மேலே தெளிந்ததை அடுத்த ஸ்கிரீனின் முதல் அலசலுக்கு எடுக்கிறோம். அடியில் தங்கும் சேற்றையும் மைத் துணிகளையும் மூடியுள்ள தகர டின்னில் சேர்க்கிறோம். எரிப்பதில்லை, குப்பைமேட்டில் கொட்டுவதில்லை. அபாயக் கழிவுகளுக்கான பொது நிலையம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ளது. ஒரு கடையின் ஒரு டின்னை அங்கே கொண்டுசெல்வது நடவாத காரியம். சங்கம் பல கடைகளின் டின்களைச் சேர்த்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் வழிமுறை கேட்டு அனுப்பலாம். அடுத்த கூட்டத்தில் இதை முன்வைக்க இருக்கிறோம். ஸ்கிரீன் வைத்திருக்கும் உறுப்பினர்கள் அவசியம் வர வேண்டுகிறோம்.

பிளாஸ்டிக்கை விட்டதே மண்ணும் நீரும் கெடக் கூடாது என்பதற்காகத்தான். அதற்கு வந்த மஞ்சப்பையே ஏரியைக் கெடுத்தால், நாம் செய்த மாற்றத்துக்குப் பொருள் இல்லை.