பார்க்கும் நிறமும் பதியும் நிறமும்

சென்ற ஆண்டு ரிஷிவந்தியம் அருகே எங்கள் ஊர்த் திருவிழாவில் நடந்த 'கர்ண மோட்சம்' தெருக்கூத்தைச் செல்பேசியில் படம் பிடித்தேன். கர்ணன் வேடம் கட்டியவர் என் தாத்தா. அந்தப் படத்தைக் கணினியில் வேறொரு பின்னணியுடன் இணைத்து ஊராருக்குத் திரையிட்டேன். பார்த்து முடித்த தாத்தா, "இது நான் பூசின சிவப்பு இல்லையேடா" என்றார். உண்மைதான், அரிதாரத்தின் சிவப்பு சாம்பல் பூத்துக் கிடந்தது. அதன் காரணத்தைத் தேடிக் கற்றதையே இங்கு எழுதுகிறேன்.

அட்டவணை என்பது யாது?

பள்ளியில் நாம் மடக்கை அட்டவணையைப் பயன்படுத்தியிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் கணக்கிடாமல், வேண்டிய எண்ணுக்கு நேரே உள்ள விடையை எடுத்துக்கொள்கிறோம். வண்ண அட்டவணையும் அத்தகையதே. திரைத்துறையினர் இதனை 'லட்' என்பர். உள்ளே வரும் நிறத்தின் எண்ணுக்கு ஈடாக வெளியே செல்ல வேண்டிய எண் அதில் இருக்கும்.

எளிய வகையில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அட்டவணை உண்டு. 8 பிட் படத்திற்கு 256 வரிகள் போதும். மூன்று நிறங்களையும் சேர்த்துப் பார்ப்பது முப்பரிமாண அட்டவணை. அதை முழுமையாக எழுதினால் 1,67,77,216 வரிகள் வேண்டும். ஆகவே பெரும்பாலும் பக்கத்திற்கு 33 புள்ளிகள் வைத்து 35,937 வரிகளோடு நிறுத்திக்கொள்வர். இடைப்பட்ட எண்களை அருகிலுள்ள புள்ளிகளைக் கொண்டு கணிப்பர். மடக்கை அட்டவணையின் சராசரி வேறுபாட்டுப் பத்தி செய்யும் வேலை இதுவே.

இது ஏன் தேவை?

ஒளியில் 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் சாம்பல் நிற அட்டையை எடுத்துக்கொள்வோம். படங்களை இணைக்கும் மென்பொருள் அதை 0.18 என்று நேர்விகிதத்தில் கணக்கிடும். அதை அப்படியே 255ஆல் பெருக்கித் திரைக்கு அனுப்பினால் 46 வரும், படம் இருண்டுபோகும். எஸ்.ஆர்.ஜி.பி. அட்டவணை வழியே அனுப்பினால் 118 வரும். கண்ணுக்குச் சரியாகத் தெரியும். ஒரு விளக்கை இரண்டாக்கினால் ஒளி 0.36, திரைக்குரிய எண் 162. மாறாக 118ஐ இரட்டித்தால் 236 என்ற தவறான விடை கிடைக்கும். எனவே கணக்கு ஒளியின் அளவில் நடக்க வேண்டும். அட்டவணை கடைசியில், பார்ப்பதற்காக மட்டும் வர வேண்டும்.

திரைப்படத்தில்

1964இல் வெளிவந்த 'கர்ணன்' 2012இல் டிஜிட்டல் முறையில் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திரைக்கு வந்தது. படச்சுருளைக் கணினிக்குக் கொண்டுவரக் கோடாக் நிறுவனம் 1990களில் 'சினியான்' முறையை உருவாக்கியது. அதில் 1024 படிகள்; கறுப்பு 95, வெள்ளை 685. அப்படத்தை நேராகப் பார்த்தால் வெளிறித் தெரியும்; அட்டவணை வழியே பார்த்தால்தான் திரையரங்கில் தெரியப்போவது புலப்படும். 'நியூக்' மென்பொருளிலும் பார்வைச் சாளரத்தின் அட்டவணை, சேமிக்கும் கோப்பைத் தொடுவதில்லை. பல மென்பொருள்களும் ஒரே வண்ண விதியைப் பின்பற்ற உதவும் 'ஓப்பன் கலர் ஐ.ஓ.'வை 2010இல் சோனி பிக்சர்ஸ் இமேஜ்வொர்க்ஸ் இலவசமாக வெளியிட்டது.

எங்கள் ஊர் அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் தேன் அபிஷேகத்தின்போது லிங்கத்தில் வேறோர் உருவம் தெரியும் என்பர். லிங்கம் மாறுவதில்லை, காட்சியே மாறுகிறது. பார்வை அட்டவணையும் அப்படித்தான்.

என் தவறு

செல்பேசி தானே ஒருமுறை ஒளியைச் சுருக்கித் திரைக்கேற்ற படமாக்கியிருந்தது. நானோ, பச்சையான ஒளி அளவுகளைச் சுருக்குவதற்கென்றே அமைந்த அட்டவணையை அதன்மேல் மீண்டும் பூசினேன். அரைத்த மாவையே அரைத்தேன். அது பார்வைக்கு மட்டும் என்று நம்பியிருக்க, நான் பயன்படுத்திய மென்பொருளின் அமைப்பில் அது வீடியோக் கோப்பிலும் பதிந்துவிட்டது.

எளிய எஸ்.ஆர்.ஜி.பி. அட்டவணையை வைத்து மறுபடியும் சேமித்துத் தாத்தாவிடம் காட்டினேன். நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "கிரீடம் கொஞ்சம் சாஞ்சிருக்கு" என்றார். அதுவே எனக்குச் சான்றிதழ்.

நண்பர்களே, படத்தைத் திருத்தும் முன் இரண்டைக் கேளுங்கள்: உள்ளே வரும் படம் ஏற்கெனவே எந்த அட்டவணையைக் கடந்தது? நான் பார்க்கும் அட்டவணை கோப்பிலும் பதியுமா? விடை தெரிந்தபின் வண்ணத்தில் கை வைப்பதே முறை.