கசடும் மண்டியும்: செம்புத் தூய்மிப்புக் கலைச்சொற்கள்

தாமிரபரணிக் கரைக்கும் செம்புக்கும் உள்ள தொடர்பு ஆற்றின் பெயரளவில் நின்றுவிடுவதன்று. 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ ஆதிச்சநல்லூரில் நிகழ்த்திய அகழாய்வில் வெண்கலப் பொருள்களும் பொன் நெற்றிப்பட்டங்களும் கிடைத்தன. வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த கலவை. ஆறு கடலொடு கலக்கும் தூத்துக்குடி மாவட்டத்திலேயே அண்மைக்காலச் செம்பு உருக்காலையும் இயங்கி, 2018இல் மூடப்பட்டது. அவ்வாலை பற்றிய மக்கள் விவாதம் தமிழிலேயே நிகழ்ந்தது. ஆதலின் அத்தொழிலின் கலைச்சொற்கள் தெளிவுடையனவாதல் இன்றியமையாததாகும்.

உலோகத் தூய்மையைக் குறிக்கும் மரபுச் சொற்கள் பெரும்பாலும் நெருப்பைச் சார்ந்தவை. புடமிடுதல், மூசை, கசடு என்பன அத்தகையன. பொன்னின் தரத்தைச் சோழர் கல்வெட்டுகள் ‘மாற்று’ என்னும் சொல்லால் குறிக்கின்றன. நெருப்பில் சுடப்படும் பொன்னைத் திருக்குறளின் தவம் என்னும் அதிகாரம் உவமையாக்குகிறது. இம்மரபில், விலையுயர்ந்தது எஞ்சி நிற்கும்; கசடு நீங்கும்.

செம்புத் தாதுவை உருக்கும்போதும் இந்நிலை ஒருவாறு பொருந்துகிறது. தாதுவிலுள்ள இரும்பு, சேர்க்கப்படும் மணலொடு கூடி, கசடாக மேலே மிதக்கிறது. அடுத்துக் கிடைக்கும் கொப்புளச் செம்பு ஏறத்தாழ 98 முதல் 99 விழுக்காடு தூய்மையுடையது. அதனை மீண்டும் நெருப்பில் தூய்மித்து, நேர்மின்முனைத் தகடுகளாக வார்ப்பர்.

மின்பகுப்பில் நிலைமை மாறுகிறது. கந்தக அமிலம் கலந்த செம்புச் சல்பேட்டுக் கரைசலில் தகட்டின் செம்பு கரைந்து, எதிர்மின்முனையில் 99.99 விழுக்காடு தூய்மையுடன் படிகிறது. நிக்கல், இரும்பு, துத்தநாகம் ஆகியன கரைசலில் தங்குகின்றன. செம்பினும் எளிதில் ஆக்சிசனேற்றம் அடையாத பொன்னும் வெள்ளியும் கரையாமல் அடியில் வீழ்கின்றன. அப்படிவிலிருந்து செம்பையும் செலினியத்தையும் நீக்கி, எஞ்சியதை உருக்கினால் பொன்–வெள்ளிக் கலவை கிடைக்கும். அக்கலவையை மின்பகுப்புச் செய்தால் வெள்ளி எதிர்மின்முனையில் படியும். பொன் மீண்டும் படிவாகவே எஞ்சும்.

இங்கு விலையுயர்ந்தது அடிப்படிவில் உள்ளது. இதனையும் உருக்கு கசடையும் ‘கழிவு’ என்னும் ஒரே சொல்லால் சுட்டின், மதிப்பு வேறுபாடு மறைந்துவிடும். எண்ணெயின் அடியில் தங்குவதை ‘மண்டி’ என்பது மக்கள் வழக்கு. எனவே ‘நேர்மின்முனை மண்டி’ என்பது பொருத்தமான ஆக்கமாகும். மிதப்பது கசடு, படிவது மண்டி என்னும் வேறுபாடும் இதனால் விளங்கும்.

எனினும், மண்டி என்பதைப் பொன்னுக்கு மாற்றுப்பெயராகக் கொள்ளுதல் பொருந்தாது. ஈயம், ஆர்செனிக், செலினியம் ஆகிய நச்சுத் தனிமங்களும் அதில் அடங்கும். மதிப்பையும் தீங்கையும் ஒருசேர உணர்த்தும் வரையறையே இக்கலைச்சொல்லுக்கு வேண்டுவது.