பெயரில் மட்டும் வினைல்



விழுப்புரம், திண்டிவனம் பக்கம் கரும்புக்கும் மல்லாட்டைக்கும் தண்ணீர் போவது பெரும்பாலும் பி.வி.சி. பைப்பில்தான். அதன் முழுப்பெயர் பாலிவினைல் குளோரைடு. ஆனால் அந்தப் பைப்பில் வினைல் தொகுதி இல்லை என்றால் நம்புவீர்களா?

எத்திலீனில் இரண்டு கார்பன், நான்கு ஹைட்ரஜன். கார்பன்களுக்கு இடையே இரட்டைப் பிணைப்பு. ஒரு ஹைட்ரஜனை நீக்கினால் மிஞ்சுவதே வினைல் தொகுதி. காலியான அந்த இடத்தில் குளோரின் சேர்ந்தால் வினைல் குளோரைடு.

இரட்டைப் பிணைப்பின் வலிமை மோலுக்குச் சுமார் 614 கிலோஜூல். ஒற்றைப் பிணைப்புக்கு 348. அப்படியென்றால் இரண்டாவதான 'பை' பிணைப்பின் பங்கு 266 மட்டுமே. பெராக்சைடு போன்ற தூண்டி வந்தால் இந்த இளைத்தவன்தான் முதலில் கையை விடுவான். விட்ட கை அடுத்த மூலக்கூறைப் பிடிக்கும். இப்படிக் கோத்துக்கொண்டே போனால் நீண்ட சங்கிலி. அதில் எல்லாம் ஒற்றைப் பிணைப்பு. வினைல் பெயரோடு சரி!

என் அப்பா போர்வெல்லில் பைப் இறக்கும் வேலை செய்கிறார். "இது விஷம்ன்றாங்களே, நெசமா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். விஷம் என்று பேர் வாங்கியது வினைல் குளோரைடு வாயு. கல்லீரலில் அதே இரட்டைப் பிணைப்பில் ஆக்சிஜன் ஏறி எபாக்சைடு ஆகிறது; அது டி.என்.ஏ.வைத் தாக்கிப் புற்றுநோய் உண்டாக்கும். 1974-ல் அமெரிக்காவின் லூயிவில் நகரில் இருந்த குட்ரிச் ஆலைத் தொழிலாளர்களிடம் அரிய கல்லீரல் புற்றுநோய் இருப்பது வெளியே தெரிந்தது. அந்த ஆண்டே அங்கு அனுமதி அளவை 500 பி.பி.எம்.-லிருந்து 1 பி.பி.எம். ஆகக் குறைக்கும் விதி வெளியிடப்பட்டது.

பைப் சங்கிலியில் அந்தப் பிணைப்பே இல்லை. ஆனால் பைப் முனையைத் தீயில் வாட்டி விரிக்கிறோமே, அது கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும். நெஞ்சை எரிக்கும். ஆகவே பைப்பைக் கருக விடாதீர்கள், எரிக்காதீர்கள்.

மேட்டூரில் 1967 முதலும் கடலூரில் 2009 முதலும் பி.வி.சி. தயாராகிறது. நம்மில் சிலர் நாளை இப்படிப்பட்ட ஆலைகளுக்கு அப்ரண்டிஸாகப் போகலாம். வினைல் குளோரைடின் வாசனை மூக்குக்குத் தெரிவதற்குள் அளவு ஆயிரக்கணக்கான பி.பி.எம்.-ஐ எட்டியிருக்கும். அதனால் அங்கே மூக்கை நம்பாதீங்க நண்பர்களே, மீட்டரை நம்புங்க!