பிராணிகளின் நடத்தையை ஆராயும் முறை

பனையோலை நுனிகளிலும், கிணற்றின் மேல் சாய்ந்த கருவேலங் கிளைகளிலும் சுரைக்குடுக்கைகளைப் போலத் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடுகளை நம்மில் பலர் கண்டிருப்போம். இக்குருவி கூட்டினுள் களிமண்ணை அப்பி, அதில் மின்மினியைப் பதித்து, இரவில் விளக்காகக் கொள்ளுகிறது என்னும் கதை ஒன்று நெடுங்காலமாக வழங்கி வருகிறது. கூட்டில் களிமண் இருப்பது மெய். விளக்கு இருப்பது மெய்யன்று. இருட்டில் தமக்கு வேண்டுவதே குருவிக்கும் வேண்டும் என்று மனிதர் கருதியதால் பிறந்த கதை இது.

இவ்வாறு நம் எண்ணங்களைப் பிராணியின்மேல் ஏற்றாமல், அது செய்வதைக் கண்டு, குறித்து, சோதித்து அறிவதே பிராணி நடத்தை இயலின் நோக்கமாகும்.

இதன் முதற்படி கூர்ந்து நோக்கல். 1930-ஆம் ஆண்டில் பறவையியல் அறிஞர் ஸாலிம் அலி, பம்பாய்க்கு அருகே கடலோரத்திலுள்ள கிஹிம் கிராமத்தில், தூக்கணாங்குருவிகளின் வாழ்க்கையைத் தொடர்ந்து கவனித்து வந்தார். கூட்டைப் பின்னுவது ஆண் பறவையே. கூடு பாதி முடிந்து தலைக்கவசத்தின் வடிவை அடைந்ததும், பெண் பறவைகள் வந்து அதைப் பார்வையிடுகின்றன. ஒரு பெண் அதை ஏற்றுக்கொண்ட பின்னரே, ஆண் முட்டையறையையும் நீண்ட நுழைவுக் குழலையும் முடிக்கிறது. பெண் அடைகாக்கத் தொடங்கியதும், ஆண் வேறொரு கூட்டைத் தொடங்கி, மற்றொரு துணையை எதிர்நோக்குகிறது. இம்முடிவுகள் 1931-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சஞ்சிகையில் வெளிவந்தன. பொறுமையும் குறிப்பேடுமே இவ்வாராய்ச்சிக்கு முதன்மையான கருவிகள்.

கண்டறிந்த பின் கேள்வி எழுகிறது: "குருவி ஏன் கூடு கட்டுகிறது?" இவ்வொரு கேள்வியில் நான்கு கேள்விகள் அடங்கியுள்ளன என்பதை 1963-இல் நிக்கோ டின்பர்கன் தெளிவாக்கினார். கார்ல் ஃபான் ஃபிரிஷ், கான்ராட் லோரன்ஸ் ஆகியோருடன் 1973-இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் இவர். அந்நான்கு கேள்விகள் வருமாறு:

1. பருவ மாறுதல்களும் உடற் சுரப்புகளும் இச்செயலை எவ்வாறு தூண்டுகின்றன?
2. இத்திறமை பிறவியிலேயே அமைந்ததா, பழக்கத்தால் வளர்ந்ததா?
3. பிழைத்திருக்கவும் சந்ததி பெருக்கவும் இதனால் விளையும் பயன் யாது?
4. மூதாதைப் பறவைகளிடமிருந்து இவ்வழக்கம் எவ்வாறு பரிணமித்தது?

ஒரு கேள்விக்குரிய விடை மற்றொன்றுக்கு விடையாகாது. "இயல்பூக்கத்தால் கட்டுகிறது" என்று சொல்லி நிறுத்திவிட்டால், எதையும் விளக்கியதாகாது.

இரண்டாம் கேள்விக்கு விடை காண உதவிய சோதனை ஒன்றைக் காண்போம். காலியாஸ் தம்பதியர், தூக்கணாங்குருவியின் இனத்தைச் சார்ந்த ஆப்பிரிக்கப் பறவைகளின் இளம் ஆண்களைப் பின்னுவதற்கான புல்லோ நாரோ கிட்டாதவாறு வளர்த்தனர். பின்னர் அவை அளிக்கப்பட்டபோது, அப்பறவைகள் பின்ன முற்பட்டன; ஆயினும் பழகிய பறவைகளைப் போல் செம்மையாகப் பின்ன இயலவில்லை. பயிற்சி பெறப்பெறத் திறமை கூடியது. இம்முடிவுகள் 1964-இல் வெளியாயின. உந்துதல் பிறவியிலேயே அமைந்தது. கைத்திறனோ பயிற்சியால் முற்றுகிறது.

மூன்றாம் கேள்வியில்தான் நாம் பெரிதும் ஏமாறக் கூடும். கூட்டின் நேர்த்தியைக் கண்டு வியக்கும் நாம், பெண் பறவையும் அந்நேர்த்தியைக் கண்டே துணையைத் தேர்கிறது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் நம் நாட்டில் நடைபெற்று, 2005, 2006 ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள் வேறு விதமாகக் காட்டின. பின்னல் வேலைப்பாட்டைக் காட்டிலும், கூடு அமைந்துள்ள இடமே பெண்ணின் தேர்வில் முக்கியமானது. எட்டாத உயரமும் முள்மரமும் குஞ்சுகளுக்குக் காவலாகும் என்பதை எண்ணினால், இத்தேர்வின் பயன் விளங்கும். நம் கண்ணைக் கவர்ந்தது வேறு. பறவையின் தேர்வை நிர்ணயித்தது வேறு.

இவ்வியலைப் பயில விரும்பும் மாணவர், குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டாகப் பிரித்துக் கொள்க. இடப்புறம் கண்டதையும் நேரத்தையும் மட்டும் எழுதுக; வலப்புறம் கருதியதை எழுதுக. கூட்டை நெருங்காமலும், குஞ்சுகளுக்கு இடையூறு நேராமலும் தொலைவிலிருந்தே கவனிக்க வேண்டும். "குருவி மகிழ்ந்தது" என்பது வலப்புறத்துக்கு உரியது. "சிறகடித்துக் கூவியது" என்பது இடப்புறத்துக்கு உரியது. இவ்விரண்டையும் வேறுபடுத்தக் கற்றவர், இவ்விஞ்ஞானத்தின் வாயிலைக் கடந்தவராவார்.